ஆவாரம்பட்டையும் ஊதா நிறமும்

(திருப்பத்தூரில் கல்லூரி மாணவர் முன் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேச்சுக்குள் போகுமுன் இந்த மேசைமேல் உள்ள இரண்டு தோல் துண்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே வெள்ளாட்டுத் தோலில் வெட்டியவை. ஒரே ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறியவை. ஒன்றை மட்டும் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்தேன். அப்புறம் இரண்டையும் பாதிக்குப் பாதி அட்டையால் மூடி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். கடுக்காய் படாத துண்டில் வெயில் பட்ட பாதி செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. மற்றதில் அட்டை இருந்த கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதை யாரும் பரிசோதனை என்று சொன்னதில்லை. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த என் அப்பா இதைப் பழக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வெப்பமண்டலத் தாவரச் சாறுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பும் பாக்டீரியா எதிர்ப்பும் பற்றிய சோதனைகள். இந்த வட்டாரக் கல்லூரிகளில் முதுகலை ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய தலைப்பு. ஏதோ ஓர் இலை, நான்கு கரைப்பான், ஐந்து பாக்டீரியா, ஒரு டி.பி.பி.எச். சோதனை, முடிவில் 'இத்தாவரம் சிறந்த மருத்துவ வளம் உடையது' என்ற வாக்கியம். இலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், வாக்கியம் மாறாது. நானும் அப்படியொன்று எழுதியவன்தான். அதனால் உரிமையோடு குறை சொல்கிறேன்.

இந்தச் சோதனைகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி அல்ல. அவற்றுக்கு நம் ஊரிலேயே ஒரு கேள்வி காத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு மருந்துக் கடை வாசலில் போய் நிற்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கொஞ்சம் பின்னால் போவோம். குரோமியத்தால் பதனிடும் முறை வருமுன் இந்தப் பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டது முழுக்க மரஞ்செடிகளை நம்பித்தான். ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடைசியில் கடுக்காய். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன இந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு முடி நீக்கி, சதை வழித்து, சுண்ணாம்பைக் கழுவி, பட்டைச் சாற்றுத் தொட்டிகளில் மெல்லிய சாற்றிலிருந்து கெட்டிச் சாற்றுக்கு மாற்றி மாற்றி ஊறவைப்பார்கள். மாட்டுத்தோலென்றால் வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் கடுக்காய், அப்புறம் எண்ணெய்.

கடுக்காய் எதற்கு? ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடுக்காய் கொடுத்தால் சிவப்பது அடங்கும். தோலைப் பதனிடும் துவர்ப்புப் பொருளுக்குத் தானின் என்று பெயர். ஆவாரம்பட்டையில் இருப்பது சுருங்கிய வகைத் தானின். வெளிச்சத்திலும் காற்றிலும் அது ஆக்சிஜனேற்றமாகிச் செந்நிறப் பொருளாகும். கடுக்காயில் இருப்பது நீரால் சிதையும் வகைத் தானின். காலிக் அமிலக் குடும்பம். வெளிச்சத்தைத் தாங்கும். ஆக, ஒரு தாவரச் சாற்றின் ஆக்சிஜனேற்றத்தை இன்னொரு தாவரச் சாறு கட்டுப்படுத்துகிறதா என்பதை நம் ஊர்க்காரர்கள் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். எண் போட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

எண் போட்டு எழுதியவர்களில் ஒருவர் ஹம்ப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்துகொடுத்த அதே டேவி. 1803இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், துவர்ப்புத் தாவரங்களைப் பற்றியும் அவை தோலைப் பதனிடும் விதம் பற்றியும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் சோதித்தவற்றுள் பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன காசுக்கட்டியும் உண்டு. வெற்றிலையோடு போடுகிறோமே, அதே காசுக்கட்டி. அவர் சோதனை எளியது. சாற்றில் ஜெலட்டின் கரைசலை விட்டு, விழும் வீழ்படிவை எடை போட்டார். ஜெலட்டின் என்பது தோலிலுள்ள கொலாஜனின் உருக்குலைந்த வடிவம். எனவே குவளைக்குள் நடப்பது ஒரு சின்னத் தோல் ஷாப்.

மாணவர்களே, தாவர வேதிப்பொருள் ஆய்வு என்று நீங்கள் செய்யும் பட்டியலில் தானினுக்கு எதிரே என்ன எழுதுகிறீர்கள்? 1 சதவீத ஜெலட்டின், 10 சதவீத உப்பு, வெள்ளை வீழ்படிவு. டேவி செய்ததைத்தான் செய்கிறீர்கள். அடுத்த வரியில் பெரிக் குளோரைடு: நீலக்கறுப்பு வந்தால் கடுக்காய் வகை, பச்சைக்கறுப்பு வந்தால் ஆவாரை வகை. பட்டைத் தோல் வேலை நடக்கிற ஷாப்பில் இரும்புத் துருவை அண்டவிட மாட்டார்கள். தோலில் கறை ஏறி விலை போய்விடும். பெரிக் குளோரைடு சோதனையை அங்கே திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டார்கள்.

நாக்கும் ஒரு கருவிதான். கடுக்காயைக் கடித்ததும் வாய் இழுத்துக்கொள்கிறதே, அது எச்சிலிலுள்ள புரதத்தைத் தானின் பிடித்துக்கொள்வதால். இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ அந்தப் பெரியவர் தோல் மண்டி வைத்திருந்தார். ஜவ்வாது மலையிலிருந்து வரும் கடுக்காயை மூட்டைக்கு ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வாராம். அவர் குடும்பத்தார் இன்று காலை என்னிடம் சொன்னது இது.

இனி ஆய்வகத்துக்கு வருவோம்.

டி.பி.பி.எச். என்பது ஊதா நிறமுள்ள ஒரு பொருள். அதன் மூலக்கூறில் ஜோடி சேராத ஓர் எலக்ட்ரான் நிற்கிறது. அதை யாராவது வந்து நிரப்பினால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 1958இல் பிளாய்ஸ் என்பவர் இதைச் சோதனை முறையாக்கினார். 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு ஊதா குறைந்தது என்று கருவி சொல்லிவிடும். மலிவானது, அரை மணி நேர வேலை, கண்ணுக்கும் தெரியும். அதனால்தான் உலகமெங்கும் இந்தப் பாடு படுகிறது.

ஆனால் அந்த ஊதாப் பொருள் நம் உடம்பில் எங்கும் கிடையாது. இப்படி ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள சாதாரணத் தனியுறுப்புகள் கண்ணிமைக்குமுன் அழியும். இதுவோ பாட்டிலில் அடைத்து விற்கும் அளவுக்கு நிலையானது. குழாயில் அதை வெளுக்கவைத்த சாறு குடலில் உறிஞ்சப்படுமா, ரத்தத்தில் எந்த வடிவில் போகும் என்பதெல்லாம் வேறு கதை. கடுக்காயின் பெரிய தானின் மூலக்கூறுகளைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக்கிவிடுகின்றன. குழாயில் நீங்கள் அளந்தது ரத்தத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை. உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, 2012இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, வியாபாரிகள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றார்கள். நாம் இன்னும் ஆவாரம்பூ டீத்தூள் பொட்டலத்தில் அதையே அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்கிற பழமொழி பொட்டலத்தின் பின்பக்கம்.

பாக்டீரியாச் சோதனையில் என் கதையைச் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது மலையிலிருந்து கொண்டுவந்த ஓர் இலையின் மெத்தனால் சாற்றை அகார் தட்டின் குழிகளில் விட்டேன். மறுநாள் குழிகளைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வட்டங்கள். ஸ்டாபிலோகாக்கஸுக்குப் பெரிய வட்டம், ஈ கோலைக்கும் சுமாரான வட்டம். ஹாஸ்டல் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். ஆய்வகத்தில் இருந்த மூத்த மாணவி ஒருவர், "மெத்தனாலை மட்டும் ஒரு குழியில் விட்டுப் பார்த்தியா தம்பி?" என்று கேட்டார். விட்டுப் பார்த்தேன். அதே வட்டம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமல்! சாறு எதையும் கொல்லவில்லை. நான் சரியாக உலர்த்தாத மெத்தனால் கொன்றது. டீக் கணக்கு மூன்று மாதம் இழுத்தது.

அதற்கப்புறம் வட்டத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். அகாருக்குள் எந்தப் பொருள் எவ்வளவு தூரம் ஊர்ந்து போகும் என்பது அதன் பருமனையும் நீரில் கரையும் தன்மையையும் பொறுத்தது. தானின் போன்ற பெரிய மூலக்கூறு மெல்ல நகரும், சின்னது ஓடும். ஆகவே இரண்டு சாறுகளின் வட்டங்களை ஒப்பிட்டு எது வலியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொரு கணக்கும் உண்டு. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சாற்றில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் அந்தக் குழியில் இருப்பது 5 மில்லிகிராம். பக்கத்தில் வைக்கும் ஜென்டாமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். 500 மடங்கு வித்தியாசம். 'ஆன்டிபயாட்டிக்குக்கு நிகரான' என்று எழுதுமுன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ரியோஸ், ரெசியோ என்ற ஸ்பானிய ஆய்வாளர்கள் 2005இலேயே எழுதிவிட்டார்கள்: மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் சாறுகளைச் சோதிப்பதையே தவிர்க்கலாம், 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால்தான் ஆர்வம் காட்ட வேண்டும் என்று.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கடுக்காயை எடுத்துப் படிப்படியாகப் பிரித்து, மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸை எதிர்க்கும் பொருள்கள் காலிக் அமிலமும் அதன் எத்தில் எஸ்டரும் என்று அடையாளம் காட்டினார்கள். சாறு என்று நிற்காமல் சாற்றுக்குள் இருப்பது யார் என்று பெயர் சொன்னார்கள். அவர்களுக்கும் அதிலிருந்து மாத்திரை வரவில்லை. ஆனால் அது கேள்வியும் பதிலும் உள்ள வேலை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு முரண். தானின் பாக்டீரியாவின் நொதிகளைக் கட்டிப்போடும், வளரத் தேவையான இரும்பைப் பறித்துக்கொள்ளும். இதெல்லாம் உண்மை. ஆனால் தானின் நிறைந்த பட்டைத் தொட்டிக்குள்ளேயே பாக்டீரியா வாழ்கிறது. பட்டையிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலமாக்குகிறது. தொட்டி புளித்தால்தான் தோல் நன்றாகச் சாறு குடிக்கும் என்று மேஸ்திரிகள் அதை வளரவிடுவார்கள். பூஞ்சைக்கோ தானின் சாப்பாடே. 1867இல் தீகெம் என்ற பிரெஞ்சுக்காரர் தானின் கரைசலில் பூஞ்சை வளர்ந்து அதைக் காலிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டு எழுதினார். 'பாக்டீரியா எதிர்ப்பு உடையது' என்று ஒற்றை வரியில் எழுதும்போது எந்த பாக்டீரியா, எந்த இடம், எவ்வளவு என்று கேட்காவிட்டால் அந்த வரிக்கு அர்த்தமில்லை. தொட்டி அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, நம் ஊரில் காத்திருக்கும் கேள்வி என்ன?

பச்சைத் தோல். ஆட்டை உரித்த சில மணி நேரத்தில் நம் வெயிலில் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். முதலில் நாற்றம், அப்புறம் இழுத்தால் முடி கையோடு வரும், அப்புறம் தோலின் மேற்பரப்பு அரித்துப்போகும். அதைத் தடுக்க உப்புப் போடுகிறோம். தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம். தோல் ஷாப்புக்கு வந்ததும் அந்த உப்பை எல்லாம் முதல் ஊறலில் கழுவித் தண்ணீரில் விடுகிறோம். பாலாறு கெட்ட கதையில் குரோமியத்துக்குத்தான் பெயர். உப்புக்குப் பங்கு அதற்குக் குறைவில்லை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், தோல் பட்டறைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தில் வேரூன்றியது நம் ஊர் வழக்கால். 2025 ஜனவரியில் நீதிமன்றம் மறுபடி பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, குரோமியத்தைப் பிரிக்கிறார்கள், தண்ணீரை மீட்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது உப்பு மூட்டை. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அப்படியானால் உப்பில்லாமல், அல்லது குறைந்த உப்போடு, நான்கைந்து நாள் தோலைக் கெடாமல் வைக்கும் இலை எது? இது ஒரு பாக்டீரியா எதிர்ப்புக் கேள்வி. மாத்திரையைப் போல இதற்கு வயிறு, ஈரல், ரத்தம் பற்றிய பத்தாண்டுச் சோதனை வேண்டாம். சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதைத் தொட்டிருக்கிறார்கள். உப்பங்கழிகளில் படரும் ஒரு கடலோரச் செடியின் விழுதைச் சிறிது உப்போடு கலந்து ஆட்டுத்தோலைக் காத்துப் பார்த்தார்கள். சேங்கொட்டைச் சாற்றையும் பார்த்தார்கள். அந்த ஆய்வுகளில் அகார் வட்டம் முதல் படிதான். அப்புறம் தோல்மேல் தடவி, நாளுக்கு நாள் நாற்றம், முடி உதிர்வு, பாக்டீரியா எண்ணிக்கை, சிதைந்து வெளிவரும் நைட்ரஜன், எந்த வெப்பத்தில் தோல் சுருங்குகிறது என்று பார்த்து, பதனிட்டு முடித்த பின் வலிமையையும் சோதிக்க வேண்டும். ஆடு உரிக்கும் கடை நம் தெருவிலேயே இருக்கிறது. கையளவு தோல் துண்டுக்கு யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கும் இங்கே வேலை உண்டு. இதுதான் நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது.

பட்டையை விட்டுக் குரோமியத்துக்கு ஏன் மாறினோம்? பட்டைத் தோல் 80 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுருங்கிவிடும்; குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும், வாரங்கள் எடுத்த வேலை நாள் கணக்கில் முடியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துக் காட்டினார். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் உள்ள குரோமியம், அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் தோலுக்கு மென்மை கொடுக்க ஏற்றும் எண்ணெய் நாளடைவில் காற்றில் கெட்டுப் பெராக்சைடு உண்டாக்கும். மீனெண்ணெயைப் போன்றவை சீக்கிரம் கெடும். அந்தப் பெராக்சைடு குரோமியத்தை ஆறு இணைதிறனுக்குத் தள்ளிவிடும். அது தோல் ஒவ்வாமை தருவது, புற்றுநோய்க் காரணியும்கூட. 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இருந்தாலே விற்க முடியாது. ஆம்பூரில் நல்லபடியாகக் கிளம்பிய ஷூ, கன்டெய்னர் சூட்டில் கடல் தாண்டி இறங்கும்போது தேறாமல் போகலாம்.

அதைத் தடுப்பது எது? கடைசி மறுபதனிடலில் கொஞ்சம் தாவரத் தானின். சோதனை இப்படி: தோலை 80 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைத்து முதுமையாக்கி, சாறெடுத்து, டைபினைல்கார்பசைடு விடுவார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் செவ்வூதா நிறம் தோன்றும். 540 நானோமீட்டரில் அளப்பார்கள். நீங்கள் டி.பி.பி.எச். அளக்கும் அதே கருவி. குமிழைச் சற்றே திருப்பினால் போதும். ஒன்றில் ஊதா மறைந்தால் நல்லது, மற்றதில் ஊதா தோன்றினால் கெட்டது. முதலாவது, உடம்பில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவது, சரக்கு திரும்பி வருமா வராதா என்று சொல்கிறது. ஆவாரை, கடுக்காய், நெல்லி, புளியங்கொட்டைத் தோல், மாங்கொட்டை என்று நம்மிடம் உள்ளவற்றை இந்த இரண்டாவது ஊதாவின் முன் வரிசையாக நிறுத்தினால் எனக்கு அந்த ஆய்வேட்டைப் படிக்க ஆசையாக இருக்கும்.

பூஞ்சைக்கும் இதே கதை. ஒரு காலத்தில் ஈரத் தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் போட்டார்கள். 1989இல் ஜெர்மனி தடை செய்ததும் இந்த ஊர் ஏற்றுமதியாளர்கள் அலைந்ததை வயதானவர்கள் சொல்வார்கள். மாற்று மருந்து வந்தது. அதுவும் செயற்கைதான். தானினையே தின்னும் பூஞ்சையை எதிர்க்கும் இலை எது என்பது கடினமான கேள்வி. முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

செடி என்றாலே சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டைத் தொட்டியின் கழிவுநீர் கரும்பழுப்பாக இருக்கும். அதிலுள்ள தானினைப் பெரும்பாலான நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதில்லை. இலை விழுது போட்டுத் தோலைக் காத்தால் உப்பு குறையும், கரிமக் கழிவு கூடும். பட்டை உரித்தால் செடி போகும். முதல் உலகப்போர்க் காலத்தில் பட்டைக்கு நெருக்கடி வந்து தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை உள்ளே வந்தது. பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டில் மரத்தை வளர்த்தோம். இன்று அது சோலைக்காட்டையும் புல்வெளியையும் தின்கிறது என்று வெட்டுகிறோம். ஜவ்வாது மலைச் சந்தனம் வெட்டப்பட்டு அருகிப்போன கதையைத் திருப்பத்தூரில் நான் விளக்க வேண்டியதில்லை. கடுக்காய் காய்தான், மரம் நிற்கும். பொறுக்குகிற மலையாளிப் பழங்குடியினருக்கு நியாயமான பங்கு போகிறதா என்று பார்க்க 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் இருக்கிறது.

மாணவர்களுக்கு நடைமுறையில் ஒன்று. எந்தச் செடி என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சந்தையில் 'கொன்றை' என்று கேட்டால் மூன்று மரத்தின் பட்டை வரும். ஒரு கிளையைப் பூவோடு உலர்த்தி, திருச்சி ராபினெட் உலர்தாவரகம் போன்ற இடத்தில் காட்டிப் பதிவெண் வாங்குங்கள். எந்த மாதம், எந்தச் சரிவு, என்ன வயதுப் பட்டை என்று குறித்துவையுங்கள். வெறும் கரைப்பானுக்கு ஒரு குழி ஒதுக்குங்கள். டீ அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி நேரம் இருக்கிறது என்கிறார்கள். அதற்குள் இந்த இரண்டு துண்டையும் பின்வரிசையிலிருந்து கைமாற்றி வாருங்கள். ஓரத்தை முகர்ந்து பாருங்கள், பட்டை வாசம் இன்னும் இருக்கும். மடக்கிவிடாதீர்கள். கடுக்காய் எந்தத் துண்டில் என்று நான் எழுதி வைக்கவில்லை; யார் கண்டுபிடிக்கிறார்கள் பார்க்கலாம். பார்த்ததும் முன்வரிசைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு மாதம் மாடியில் வைக்க வேண்டும்.